இரண்டாவது இடைவெளி

என் மருமகளின் கட்டுரையில் ஒரு கிராஃப் இருக்கிறது. மேலே ஒரு வரிசைப் புள்ளிகள், கீழே ஒரு வரிசைப் புள்ளிகள். மேல் வரிசை கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம். கீழ் வரிசை எக்ஸ்ரே. மேல் வரிசையில் புள்ளிகள் மெல்ல ஏறி, உச்சிக்குப் போய், இறங்குகின்றன. கீழ் வரிசையில் அந்த உச்சிக்கு நேர் கீழே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளைக் காகிதம். அதற்குப் பிறகுதான் புள்ளிகள் தொடங்கி இறங்கிக்கொண்டே போகின்றன. அந்த இறக்கத்திலும் ஓர் இடத்தில் இன்னொரு சின்ன வெள்ளை இருக்கிறது. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட எனக்குப் புரியாது. ஆனால் அந்த இரண்டு வெள்ளை இடங்களை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டு முன்னறையில், மாதா படத்துக்குக் கீழே இருக்கிற பிளக்கில்தான் இரண்டும் உண்டாயின.

செண்பகனூரில் ரோட்டிலிருந்து இறங்குகிற படிகளின் கடைசியில் எங்கள் வீடு. வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் எனக்குத் துணி வேலை. துவைப்பது மெஷின், காய வைப்பதுதான் நான். இந்த மலையில் படுக்கை விரிப்புகளைக் காய வைப்பதைவிடப் பெரிய கவலை எனக்குத் தெரிந்து இல்லை. வெள்ளனே டவுன் பஸ் பிடித்துப் போய்க் கொடியில் போட்டுவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மிஸ்ட் ஏறுகிறதா, பெருமாள் மலைப் பக்கம் கறுக்கிறதா, எங்கேயாவது உறுமுகிறதா. வருஷக்கணக்கில் இதே வேலை என்பதால் காது பழகிவிட்டது. "எங்கம்மாவுக்கு நாளைக்கு இடிக்கப்போற இடி இன்னைக்கே கேட்டுரும்" என்று என் மகன் எல்லாரிடமும் சொல்வான்.

இடித்தால் பிளக்கைப் பிடுங்குவது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். பக்கத்து வீட்டு டிவி ஒரு மழையில் புகைந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. மற்றவர்கள் தலைக்கு மேல் இடித்தால் பிடுங்குவார்கள். நான் கீழே பழனியில் இடித்தாலே பிடுங்குவேன். டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி, ஒன்றையும் விடமாட்டேன். படிப்புதான் எனக்கு வரவில்லை. கவலை தானாகவே வந்தது.

மகனுக்குப் பெங்களூரில் வேலை. மருமகள் அங்கேதான் பிஎச்டி செய்துகொண்டிருந்தாள். உண்டான பிறகு அந்தக் கோடைச் சூடு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. அதனால் இங்கே வந்து தங்கினாள். அவள் அம்மா வீடு ஆடலூரில், காபியும் மிளகும் போட்ட தோட்டத்துக்கு நடுவில். ஏழாம் மாதம் வளையல் போட்டு அங்கே அனுப்புவதாகப் பேச்சு. ஆடலூரில் நெட் எடுக்காது, அதனால் அதுவரை வேலை பார்க்க இங்கேதான் சௌகரியம் என்றாள். எங்கள் வீடும் பள்ளத்தில் இருப்பதால் போனுக்கு டவர் கிடைக்காது. டவர் வேண்டுமென்றால் படியேறி ரோட்டு வளைவுக்குப் போக வேண்டும். அவளுக்காகவே மகன் ஒரு மோடம் போட்டுக் கொடுத்திருந்தான். அவள் லேப்டாப், போன் எல்லாம் அதன் வழியாகத்தான்.

என்னம்மா ஆராய்ச்சி என்று வந்த அன்றே கேட்டேன். கேலக்ஸியிலிருந்து வருகிற எக்ஸ்ரே என்றாள். அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும் என்று எக்ஸ்ரே அறை வாசலில் எழுதி ஒட்டியிருப்பார்கள். நான் அதைத் தாமதமாகத்தான் படித்தேன். என் மகனுக்கு முன்னால் எனக்கு ஒன்று உண்டாகியிருந்தது. உண்டானது தெரியாமலே இருமலுக்காக நெஞ்சைப் படம் எடுத்துவிட்டேன். கொஞ்ச நாளில் அது தங்காமல் போய்விட்டது. படத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, எத்தனையோ பேருக்குத் தானாகவே இப்படி ஆகிறது என்று டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். தலையாட்டினேனே தவிர நம்பவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட அந்தப் படத்தைப் பற்றிப் பேசியதில்லை. அவர் போய்ச் சேரும்வரை அது அவருக்குத் தெரியாது.

இப்போது என் வீட்டில், வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நாளெல்லாம் எக்ஸ்ரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம். படித்த பெண், சிரிப்பாள், மகனிடம் சொல்லியும் சிரிப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மடியில் வைத்தால் சூடு என்று சொல்லி மேசையைக் கொண்டுவந்து போட்டேன். திரையிலிருந்து தள்ளி உட்காரச் சொன்னேன். தடித்த கம்பளி ஒன்றை எடுத்து வயிற்றை மூடிக்கொள்ளச் சொன்னேன். மாமியார் பாசம் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் "சரி அத்தை" என்றாள். அந்தச் சரிதான் இப்போது நினைத்தாலும் குத்துகிறது.

ஒரு நாள் அவளாகவே விளக்கினாள். திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுத்துவிட்டு மகனின் காரில் மலையேறிக்கொண்டிருந்தோம். சாயங்கால மிஸ்ட், பத்தடிக்கு மேல் தெரியவில்லை. எதிர் வளைவில் மங்கலாக ஏதோ நகர்ந்தது. அது திரும்பியதும் பஸ் விளக்கு எங்கள் முகத்தில் அடித்தது, மகன் பிரேக்கை மிதித்தான். "இதுதான் அத்தை என் கேலக்ஸி" என்றாள் அவள். நடுவில் பெரிய கருந்துளை ஒன்று இருக்கிறதாம். அதற்குள் இழுபட்டு வருகிற பொருளில் கொஞ்சம் உள்ளே விழாமல் இரண்டு பக்கமும் பீய்ச்சியடித்து வெளியே போகும், ஏறக்குறைய வெளிச்சத்தின் வேகத்தில். அதற்கு ஜெட் என்று பெயர். மற்ற கேலக்ஸிகளின் ஜெட் எங்கெங்கோ பார்த்து நிற்கும், இவளுடையது நேரே நம்மைப் பார்த்து நிற்கிறது. வளைவில் திரும்புவதற்கு முன்னாலும் இதே பஸ்தான், இதே விளக்குதான், ஆனால் நம் பக்கம் திரும்பினால்தானே கண் கூசுகிறது என்றாள்.

அந்த வெளிச்சம் நிலையாகவும் இருக்காதாம். வருஷக்கணக்கில் மங்கிக் கிடக்கும், பிறகு ஒரு வாரத்தில் ஏறும், சில சமயம் மணிக்கணக்கில் ஏறி இறங்கிவிடும். அத்தனை வெரசாக மாறுகிறது என்றால் அது கிளம்புகிற இடம் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். பெரிய இடமாக இருந்தால் இந்த மூலையில் நடந்தது அந்த மூலைக்குத் தெரிவதற்கே அதைவிட நேரம் ஆகும். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அது ஏறும்போது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் எக்ஸ்ரேயும் சேர்ந்து உச்சிக்குப் போகின்றனவா, அல்லது ஒன்று முந்தி ஒன்று பிந்தியா. சேர்ந்து போனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று சொல்லப் பார்க்கலாம். பிந்தினால் வேறு கதை. எப்படியானாலும் உச்சியைப் பார்த்தாக வேண்டும்.

அவள் படிப்புக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது ஏறவே இல்லை. பிள்ளை பிறப்பதற்குள் ஒரு தடவை ஏறிவிட்டால் கட்டுரையை முடித்துவிடலாம். "நீங்க கேட்டா மாதா குடுத்துருவாங்க அத்தை, உங்களுக்குத்தான் அங்க செல்வாக்கு" என்று ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த என்னைக் கேலி செய்தாள். நானும் வேண்டிக்கொண்டேன். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று. அது பிறக்கும்வரை அந்தக் கேலக்ஸி ஏறக் கூடாது என்று.

ஆனால் ஏறிவிட்டது.

எந்தெந்த ஊரிலோ டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் பார்த்துச் செய்தி அனுப்பினார்கள். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் கூடிக்கொண்டே போனது. எக்ஸ்ரேயைப் பார்க்க வேண்டுமானால் செயற்கைக்கோள் ஒன்றை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டு எழுதினாள். அதை நடத்துகிறவர்கள் ஏதாவது விவரம் கேட்டு மெயில் போடுவார்கள், உடனே பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் நிற்கிற வேறு யாருக்காவது அந்த நேரம் போய்விடும். அவளுடைய கைடு அன்றைக்குப் பார்த்து வெளிநாட்டு விமானத்தில் இருந்தார். எல்லாம் இவள் தலையில்.

மதியம் நான் வேலை முடித்து வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. முந்தின நாள் இரவு படுக்கவே இல்லை போலிருக்கிறது. கட்டாயப்படுத்திச் சாப்பிட வைத்தேன். "கொஞ்சம் படுக்குறேன் அத்தை. போன் சத்தம் போட்டா எழுப்பிவிட்டுருங்க. நான் எந்திரிக்கலைன்னா உலுக்குங்க" என்று சொல்லிவிட்டு, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உடனே தூங்கிவிட்டாள்.

நான் முன்னறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மோடத்தில் பச்சை விளக்குகள் மினுக்கின. இத்தனை நாள் அவள் பார்த்தது பழைய எக்ஸ்ரே, அதுவும் மங்கல். இனி வரப்போவது புதிது, உக்கிரமானது. அது இந்தக் கம்பி வழியாகத்தானே வர வேண்டும் என்று நினைத்தேன். விளக்கு வேகமாக மினுக்கினால் வந்துவிட்டதோ என்று அவள் படுத்திருந்த அறையை எட்டிப் பார்த்தேன். அப்போது பழனிப் பக்கம் ஓர் உறுமல் கேட்டது.

கேட்டது நிஜம். ஆனால் ரொம்பத் தூரம். அந்தச் சத்தத்துக்கு நான் கொடியிலிருந்து ஒரு விரிப்பைக்கூட எடுக்க மாட்டேன். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது பயம் இல்லை, நிம்மதி. எழுந்து போய் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கினேன். விளக்குகள் அணைந்தன. ஃப்ரிட்ஜைப் பிடுங்கவில்லை.

மழை வரவும் இல்லை.

அவள் எழுந்து வந்தபோது வெயில் படியிறங்கிப் போயிருந்தது. போனைப் பார்த்தாள், மோடத்தைப் பார்த்தாள், தொங்கிக்கொண்டிருந்த வயரைப் பார்த்தாள். குனிந்து மாட்டினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. பிறகு போன் விட்டு விட்டுச் சத்தம் போட்டது. படித்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்டதில் பாதி நேரம் இன்றைக்கே கிடைக்கும், சம்மதமா என்று முதல் மெயில். பதில் வராததால் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று அடுத்த மெயில். மறுபடி இடம் கிடைக்கச் சில நாள் ஆகும் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள்.

"இடிச்சுதா அத்தை?" என்று மட்டும் கேட்டாள்.

என் காதைச் சந்தேகப்படுகிறவர்கள் இந்த வீட்டில் யாரும் இல்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியில் ஃப்ரிட்ஜ் உறும ஆரம்பித்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இடி எங்கயோ தூரத்துலம்மா. நாந்தான் பயந்துபோய்ப் புடுங்கிட்டேன். அந்த எக்ஸ்ரே வயித்துல பட்டுருமோன்னு."

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. என் முதல் பிள்ளையை, இருமலை, அந்தப் படத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யாருக்கும் சொல்லாததைச் சொல்லக் கூடாத நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவள், அதற்குப் பதிலாக என் துக்கத்தையும் தூக்கி அவள் மேல் வைத்துவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"அந்த எக்ஸ்ரே நம்ம ஊருக்கே வர்றதில்ல அத்தை. மேல காத்துலயே நின்னுரும். கீழ வராததுனாலதான் செயற்கைக்கோளையே மேல அனுப்பி வச்சிருக்காங்க. எனக்கு வர்றது வெறும் நம்பர்." போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரசத்தை ஊற்றி எடுத்துக்கொண்டு கதவருகே போனேன். உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம். டம்ளர் ஆறும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மகனுக்கு விஷயம் தெரிந்ததும் போனில், எக்ஸ்ரே என்ன பைப்பிலா வருகிறது என்று என்னைக் கேலி செய்தான். அவள் போனை வாங்கி, சும்மா இருங்க என்று அவனை அடக்கினாள். வேறு எதையும் அவனிடம் சொல்லவில்லை, என் முதல் பிள்ளையைப் பற்றியும். அவனுக்கு இன்றுவரை அது தெரியாது.

மறுநாள் மனம் கேட்காமல் அவளிடம் கேட்டேன், நேற்று வந்ததை இன்றைக்கு எப்படியாவது பார்க்க வழி இல்லையா என்று. இல்லை என்றாள். கோடிக்கணக்கான வருஷம் பயணம் செய்து வந்த வெளிச்சம். நேற்று பூமியைத் தாண்டும்போது செயற்கைக்கோள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. "அது தாண்டிப் போயிருச்சு அத்தை. போய்க்கிட்டேதான் இருக்கும். பின்னால ஓடியெல்லாம் பிடிக்க முடியாது." குற்றம் சொல்கிற குரலில் இல்லை, கடை மூடிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதற்குப் பிறகு கொடியில் விரிப்பை உதறிப் போடும்போதெல்லாம் அது எங்கே போய்க்கொண்டிருக்கிறதோ என்று தோன்றும்.

அவள் கைடு ஊர் வந்து சேர்ந்ததும் வீடியோவில் பேசினார். ஏன் பதில் போடவில்லை என்று கேட்டதற்கு, வெதர் ப்ராப்ளம் என்றாள். அடுப்படியில் இருந்த எனக்கு அவர் சிரிப்பது கேட்டது. மேகத்துக்கு மேலே சுற்றுகிற செயற்கைக்கோளுக்கு என்னம்மா வெதர் என்று கேட்டார். "அங்க இல்ல சார், வீட்டுல. இங்க இடி ஜாஸ்தி, மோடத்தைக் கழட்டித்தான் ஆகணும்" என்றாள். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்ததை அவள் சொல்லவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிட்டிருப்பேன்.

சில நாள் கழித்து நேரம் கிடைத்தது. அதற்குள் கேலக்ஸி இறங்க ஆரம்பித்திருந்தது. இறக்கத்தையாவது பார்க்கலாம் என்று தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கினார்கள். அன்றன்றைக்கு வந்ததை அவள் லேப்டாப்பில் இறக்கிப் பார்த்துவிட்டு, மறுநாளும் வேண்டுமா, எவ்வளவு நேரம் என்று சாயங்காலத்துக்குள் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் மறுநாள் கிடையாது. மாதா படத்தின் மேல் கையை வைத்து, இனி அந்தப் பிளக்கைத் தொட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். சீசன் நேரத்திலும் கெஸ்ட் ஹவுஸில் கெஞ்சி, வெரசா வீட்டுக்கு வந்துவிடுவேன். மோடத்துக்குக் காவல்.

கிராஃபில் கீழ் வரிசைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அவளும் என்னிடம் பழையபடி பேச ஆரம்பித்திருந்தாள். அப்போதுதான் அந்த மழை வந்தது.

அது பழனி இடி இல்லை. தலைக்கு மேலேயே வெடித்தது. பிற்பகலிலேயே வீடு இருண்டுபோனது, மின்னல் வெட்டினால் மாதா படத்துக் கண்ணாடி வெள்ளையாகி அணைந்தது. டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். மோடத்தை மட்டும் தொடவில்லை. உள்ளறையில் அவள் அன்றைக்கு வந்ததை இறக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் பதில் எழுதவில்லை. நான் மோடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கைகள் தாமாகப் போய்விடக் கூடாது என்று இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். ஜெபமாலையைப் பிடிக்கக் கை இல்லாததால் வாயாலேயே அருள் நிறைந்த மரியே சொன்னேன். கணக்குத் தவறித் தவறி மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் எப்போது வந்து வாசற்படியில் நின்றாள் என்று தெரியாது.

"எந்திரிங்க அத்தை."

"நீ உன் சோலியப் பாரும்மா. நான் ஒன்னும் பண்ண மாட்டேன்."

அவள் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மெல்லக் குனிந்து, அந்தப் பிளக்கைத் தானே பிடுங்கினாள். ஐயோ மாட்டும்மா, மாட்டும்மா என்று கெஞ்சினேன். எழுந்து நானே மாட்டலாம் என்றால், தொட மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன்.

"விடுங்க. ஒரு நாள் போனாப் போகுது" என்றாள். "உச்சியே போயிருச்சு, இறக்கத்துல ஒரு புள்ளி இல்லாட்டி என்ன."

என்னைக் குத்துவதற்காகச் சொன்னாளா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதும் எனக்குச் சௌகரியமாக இருப்பதால்தானோ என்னவோ.

சுவரைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தொடைக்கு அடியிலிருந்த என் கைகளை வெளியே இழுத்தாள். இரண்டும் மரத்துப்போயிருந்தன. ரத்தம் ஓட அவற்றைத் தேய்த்துவிட்டாள். "ஃப்ரிட்ஜைப் புடுங்கிட்டீங்கள்ல இன்னைக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழை விடும்போது சாயங்காலம் தாண்டிவிட்டது. அதற்கு முன்னால் டவருக்காக ரோட்டு வளைவுவரை போகலாம் என்றால் படி முழுக்கத் தண்ணீர் ஓடியது, அந்த உடம்போடு அவளை ஏறிப்போகச் சொல்லவும் முடியாது. மறுநாள் செயற்கைக்கோள் வேறு எங்கோ பார்த்தது.

பேத்தி ஆடலூரில் நல்லபடியாகப் பிறந்தாள். கட்டுரையும் வந்துவிட்டது. உச்சியில் எக்ஸ்ரே பார்க்கப்படாததால், இரண்டு வெளிச்சமும் சேர்ந்து ஏறினவா, ஒன்று பிந்தியதா என்று சொல்ல முடியவில்லை என்று அதில் எழுதியிருப்பதாக மகன் படித்துச் சொன்னான். அந்த வெள்ளையில் புள்ளிக்கோடாவது போட்டு இணைத்திருக்கலாமே என்று அவளிடம் கேட்டேன். பார்க்காத இடத்தில் கோடு போடக் கூடாது என்றாள். மறுபடி எப்போது ஏறும் என்றதற்கு, தெரியாது, அடுத்த மாதமும் ஏறலாம், பேத்தி கல்யாணத்துக்கும் ஏறாமல் இருக்கலாம் என்றாள்.

முதல் வெள்ளையைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அவளும் எல்லா இடத்திலும் மோடம், இடி என்று அதே பதிலைச் சொல்கிறாள். அதை நான் அவளிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன், சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டாவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதை என்ன பாவம் என்று சொல்வது? நான் தொடவே இல்லை. என்னைப் பார்த்துவிட்டு அவளே பிடுங்கினாள், அவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிய ஒரு நாளை. அன்றைக்கு நான் கைகளைத்தான் ஒளித்துவைத்தேன். முகம் அப்படியே வெளியே இருந்திருக்கிறது.